படுதாவுக்கு அந்தப் பக்கம்

ஜோதியம்மாளுக்கு ஊரில் யாரோடும் சண்டை கிடையாது. எதிர்க்கடை அருணாதேவியோடும் சண்டை இல்லை, பொறாமை மட்டும்தான். கடலை போட்ட நிலம் மழையில்லாமல் காய்ந்தபோது, அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாகத் தோசைக்கல்லைப் போட்டுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவள் இவள். அருணா நேற்று முளைத்தவள். ஆனாலும் கூட்டம் அங்கேதான் மொய்த்தது. அப்படி என்னதான் சட்னி அரைக்கிறாளோ என்று இவளுக்கு வயிறு எரியும். கேஸ் விலைக்குப் பயந்து அருணா பெல்லட் அடுப்பு வாங்கினாள். அடுத்த வாரமே இவளும் வாங்கினாள். மரத்தூளையும் கடலைத்தோலையும் அழுத்திச் செய்த துண்டுகளைப் போட்டு, ப்ளோயர் காற்று ஊதினால் சீறிக்கொண்டு எரியும் அடுப்பு அது.

அன்று பௌர்ணமி. கிரைண்டர் கிரைண்டராக மாவு அரைத்து வைத்திருந்தாள். பொழுது சாய்ந்து ஜனம் நடக்க ஆரம்பித்த நேரம் பார்த்து அடுப்பு மக்கர் பண்ணியது. ப்ளோயர் சத்தம் கேட்டது, காற்றுதான் இல்லை. நெருப்பு மஞ்சளாக மினுங்கிப் புகையைக் கக்கியது. ஒரு தோசை வேகுமுன்னே நாலு பேர் எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கு விற்காவிட்டால் அத்தனை மாவும் புளித்துப்போகும். அதைவிட, அருணா பார்த்துச் சிரிப்பாள்.

புருஷன் ஆதிமூலம் சுவிட்சை அணைத்துவிட்டு, அடுப்புக் கிண்ணத்தின் ஓட்டைகளில் அடைத்திருந்த சாம்பலைக் கம்பியால் குத்தி எடுத்தார். ப்ளோயர் விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தார், தடையில்லாமல் சுற்றியது. ஒயரை வேறு பிளக்கில் மாற்றி, ரெகுலேட்டரை முழுசாகத் திருகினார். மறுபடியும் அதே புகை.

“கரண்டு கம்மியா வருதோ இன்னாவோ, தெரியல.”

“கரண்டா? எதிர்ல மட்டும் எப்படி திகுதிகுன்னு எரியுது? எல்லாம் அவ கண்ணு! அதுக்குத்தான் காலையில படுதாவே கட்டுனேன்!”

அடுப்புக்குப் பின்னால், ரோட்டுப் பக்கமாக, அருணாவின் கண் படாமல் ஒரு பிளாஸ்டிக் படுதாவைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அதையும் மீறிய கண்ணாக்கும் என்று மிளகாயும் உப்பும் எடுத்து அடுப்பைச் சுற்றப் போனாள். அப்போது ரோட்டைத் தாண்டி அருணாதேவியே வந்து நின்றாள், கையில் தோசைக்கரண்டியோடு.

“அக்கா, கோச்சுக்காதீங்க. நீங்க ஃபேன் போட்டதும் இந்தப் படுதா போயி ப்ளோயர் காத்து இழுக்குற வாயில ஒட்டிக்குது. எங்க பக்கத்துலேர்ந்து நல்லா தெரியுது. காத்து போக வழியே இல்ல. அவுத்துடுங்க.”

அணைத்தால் தொங்கிவிடும், போட்டால் ஒட்டிக்கொள்ளும். உள்ளே நின்று பார்த்த ஆதிமூலத்துக்கு அது எப்படித் தெரியும்? அவர் படுதாவை அவிழ்த்ததும் அடுப்பு சீறியது. அப்படியானால் இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள் என்று ஜோதியம்மாள் மனசுக்குள் கறுவினாள்.

அருணா போன சூட்டோடு ஒரு ஆள் வந்து உட்கார்ந்தார்.

“எதிர்க்கடை அம்மா அனுப்புனாங்க. அங்க கூட்டம் ஜாஸ்தி, இங்க சீக்கிரம் கெடைக்கும்னு சொன்னாங்க.”

ஜோதியம்மாளின் முகம் சுண்டிப்போனது. வியாபாரத்தில்தான் அவள் ஒரு படி மேலே என்று பார்த்தால், குணத்திலுமா? அதை மட்டும் இவளால் தாங்கவே முடியவில்லை. கல்லில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, தோசையை முறுகலாக வார்த்து வைத்தாள். அவர் முதல் வாயை மெல்லும்வரைகூடப் பொறுக்கவில்லை.

“சொல்லுங்க சார், அவ கடையில இந்த மாதிரி முறுகலா வருமா?”