ஒரு பக்கத்தில் அடங்காத கல்யாணம்

ஆஷாவுக்கு வேலையே சுருக்கி எழுதுவதுதான். தம்பானூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு மாடியில் இருக்கும் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் விபத்துக் கோப்புகளைப் படித்து, யார், எங்கே, எப்படி, தப்பு யார் பக்கம் என்று ஆறேழு வரிக்குள் எழுதி மேனேஜருக்கு அனுப்புவாள். லாரியும் ஆட்டோவும் மோதிக்கொண்ட கதை எத்தனை பக்கம் நீண்டாலும் அவள் கைக்கு வந்தால் அடங்கிவிடும். அப்படிப்பட்டவள் தன்னுடைய நாவலைச் சுருக்கத் தெரியாமல் வாரக்கணக்காக அல்லாடிக்கொண்டிருந்தாள்.

பத்திரிகைகளில் அவள் எழுதிய நாலைந்து சிறுகதைகளைப் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு பதிப்பகத்தின் ஆசிரியர் ராகேல் போன் பண்ணியிருந்தாள். நாகர்கோவில்காரி. பேச்சில் ஊர் போகவில்லை.

"நாவல் எழுதுங்க மேடம். ஆனா உடனே தொடங்கிராதீங்க. முதல்ல கதைய ஒரே பக்கத்துல எழுதி அனுப்புங்க. என்ன நடக்கு, ஏன் நடக்குன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்."

என்ன நடக்கிறது என்பது ஆஷாவுக்கு நன்றாகத் தெரியும். அவள் வீட்டிலேயே நடந்ததுதான். இருபது வருஷத்துக்கு முன்னால், ஊர் நடுவில் கோட்டைக்குள் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில் அவள் அக்கா ஜானவிக்குக் கல்யாணம். முதல் நாள் மத்தியானம், ஊரெல்லாம் வந்து சேர்ந்த பிறகு, ஜானவி இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அப்பா கெஞ்சினார், அம்மா அழுதாள். சாயங்காலத்துக்குள் பெரியவர்கள் கூடிப் பேசி, அதே மாப்பிள்ளைக்குத் தங்கையைக் கேட்டார்கள். தங்கை சரி என்றாள். மறுநாள் குறித்த முகூர்த்தத்தில் வெங்கிடேஷ் தாலி கட்டியது ஆஷாவின் கழுத்தில்.

இதை எழுத எத்தனை நேரமாகும்? கரமனை வீட்டில் மாடி அறையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். 'மூத்தவள் வேண்டாம் என்கிறாள், ஏனென்றால்' என்பது வரை வந்ததும் கை நின்றது. காதல் என்று போட்டாள், அழித்தாள். மேல்படிப்பு என்று போட்டாள், அதையும் அழித்தாள். முந்நூறு பக்கம் எழுதினால் மழை, ஆறு, சமையல்கட்டு என்று எதையாவது சொல்லி அந்த இடத்தைத் தாண்டிவிடலாம். ஒரே பக்கத்தில் அது முடியவில்லை. ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. எழுந்து போய்க் கழுவி வைத்த டம்ளரையே மறுபடி கழுவினாள். அலுவலகத்தில் இறந்தவர் பெயரையும் வண்டி ஓட்டியவர் பெயரையும் மாற்றி எழுதி மேனேஜரிடம் பேச்சு வாங்கினாள்.

அக்காவிடம் அவள் இதுவரை காரணம் கேட்டதில்லை. விசேஷங்களில் பார்த்துக்கொள்வார்கள், புடவை, உடம்பு, அவியல் என்று எல்லாம் பேசுவார்கள். அந்த ஒன்றை மட்டும் இருவருமே தொடுவதில்லை. ஜானவி பிறகும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இப்போது மலையடிவாரத்தில் கல்லாறு என்ற ஊரில், விருந்தாளிகள் தங்கும் ஒரு சின்ன ஹோம்ஸ்டேயைப் பார்த்துக்கொள்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஷாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெங்கிடேஷிடம் சொல்லிவிட்டுப் பொன்முடி பஸ்ஸில் ஏறினாள். விதுரை தாண்டும்வரை எப்படிக் கேட்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். திரும்பிப் போய்விடலாம் என்றும் இரண்டு மூன்று தடவை தோன்றியது. கல்லாற்றில் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. ஜானவி வாசலில் நின்று, ஆற்றில் குளிக்க இறங்கப் பார்த்த விருந்தாளிகளை மலையாளத்தில் அதட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடீ, சொல்லாம கொள்ளாம? உங்காத்துல எல்லாரும் சுகந்தானே?"

"எல்லாரும் சுகம்தான். உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்க்கா."

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், நின்றபடியே கேட்டுவிட்டாள். நாவல் விஷயத்தையும் சொன்னாள். ஜானவி உள்ளே போய் இரண்டு காபியோடு வந்து உட்கார்ந்தாள்.

"பெரிய காரணம் ஒண்ணும் இல்லை, கேட்டயோ. அவர் நல்ல மனுஷர். கல்யாணத்துக்கு மறுநாள் காலம்பற எழுந்திருந்து அவாத்துல காபி போடறதா நினைச்சுப் பாத்தேன். நினைக்கவே முடியல்லை. அதை யார்கிட்ட போய்ச் சொல்றது? அதான் காரணம் சொல்லாம, வெறுதே வேண்டாம்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பின்னே, என்னை மட்டும் எல்லாரும் கேட்டா. நீ ஏன் சரின்னேன்னு உன்னை யாராவது கேட்டாளோ?"

ஆஷா காபியைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும்டீ," என்றாள் ஜானவி. குரல் தணிந்துவிட்டது. "என்னை எல்லாரும் திட்டறா, அதை நிறுத்தணும்னுதான் நீ தலையைக் குடுத்தே. அதனாலதான் உங்காத்துக்கு வந்தா எனக்கு ஒரு மணிக்கூர் இருக்க முடியாது. உன் மூஞ்சியைப் பாக்க முடியாது."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நாவலுக்கும் அது பொருந்தும். ஆனால் ஆஷாவால் அப்படி உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போனாள், திரும்பி வந்தாள்.

"உனக்காக இல்லைக்கா. சின்னதுலேருந்து எல்லாரும் உன்னைத்தான் பாத்திண்டிருந்தா. வேண்டாம்னு சொன்னப்பவும் உன்னைத்தான். அப்பா நாம இருந்த ரூமுக்கு வந்து கேட்டப்போ, அத்தனை பேரும் திரும்பி என்னைப் பாத்தா. அது எனக்குப் பிடிச்சுது. அதுக்காக்கும் சரின்னேன். வேறே ஒண்ணுமில்லை."

ஜானவி சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். துடைத்துக்கொண்டு, "அப்போ நான் இத்தனை வருஷம் வெறுதே கிடந்து வேதனைப்பட்டிருக்கேன்," என்றாள். அதில் கொஞ்சம் கோபமும் இருந்தது. பஸ் வரும்வரை கூடவே வந்து நின்றாள்.

திரும்பும் வழியில் ஆஷா போனிலேயே கதையைத் தட்டினாள். இந்தத் தடவை தங்கையிலிருந்து தொடங்கினாள். நெடுமங்காடு வருவதற்குள் முடிந்துவிட்டது. ராகேலுக்கு அனுப்பப் போன விரல் தயங்கியது. முதலில் வெங்கிடேஷுக்கு அனுப்பினாள். அனுப்பிய உடனே அழித்துவிடப் பார்த்தாள். அதற்குள் அவன் படித்ததற்கான நீலக்குறி விழுந்துவிட்டது. பதில் வரவில்லை. தம்பானூரில் இறங்கும்வரை போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

வீட்டில் வெங்கிடேஷ் டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"கதை நன்னாத்தான் இருக்கு," என்றான். "அந்தப் பையன் ஏன் ஒத்துண்டான்னு எங்கயும் இல்லையே."

"உங்கப்பா சொன்னார், கேட்டுண்டேள். அதுதானே?"

"எல்லாரும் அப்படித்தான் நினைச்சிண்டிருக்கா. எங்கப்பா எழுந்திரு போலாம்னுதான் சொன்னார். நான்தான் அந்தச் சின்னப் பொண்ணைக் கேட்டுப் பாருங்கோன்னேன். கல்யாணம் நின்னுபோய்த் தெருவுல இறங்கி நடக்க எனக்கு தைரியம் இல்லை. உன் முகம்கூட அப்போ எனக்கு சரியா ஓர்மையில்லை, ஆஷா."

அவளுக்குச் சுருக்கென்றது. தான் சொன்ன காரணம் மட்டும் என்ன உசத்தி என்றும் தோன்றியது. ஆனாலும் வலி போகவில்லை. உள்ளே போய்த் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். அவனும் பின்னாலேயே வந்து சட்னிக்குத் தேங்காய் துருவினான்.

இரண்டு நாள் இருவரும் வேண்டியதை மட்டும் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அலுவலகம் கிளம்பும்போது, "அதையும் எழுதிக்கட்டுமா?" என்று கேட்டாள் ஆஷா.

"பேங்க் வேலைன்னு மட்டும் போடாதே. ஸ்டாஃப் எல்லாம் படிப்பா."

அவன் சொன்ன காரணத்தையும் அவள் ஒரு வரியாகச் சேர்த்தாள். மாப்பிள்ளையின் வேலையை மருந்து கம்பெனிக்கு மாற்றி ராகேலுக்கு அனுப்பினாள். ராகேல் மறுநாளே கூப்பிட்டாள்.

"இப்ப இருக்கு மேடம் கதை. எழுதுங்க. எப்ப முடியும்?"

தெரியாது என்றாள் ஆஷா. அன்று மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் முதல் அத்தியாயத்தைத் தொடங்கினாள். அரைப் பக்கம் ஓடியதும், இது மாப்பிள்ளையிடமிருந்து தொடங்க வேண்டிய கதையோ என்று சந்தேகம் வந்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. எழுதியதை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.