சட்டையில் காய் வாசம்

காய்ச்சல் வந்து போயி ரெண்டு வருசமாச்சு. போகும்போது என் மூக்கையும் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. பொண்டாட்டிகிட்ட மட்டும் சொன்னேன், ஸ்டோர்ல சொல்லல. சொன்னா சோலி போயிரும். ஏலக்காய் உலர்த்துறவனுக்கு மூக்குதான் எல்லாம்.

குரங்கணிக்கு மேல ஒரு எஸ்டேட் ஸ்டோர்ல பத்தொம்பது வருசமா அந்த வேலை. ரூமுக்குள்ள விறகுச் சூடு தகரக்குழாய் வழியா ஓடும், மேல தட்டுல பச்சைக்காய் கெடக்கும். முதல்ல பச்சப்புல் வாசம். அப்புறம் காரமா மூக்கைக் குத்தும். அது இனிப்பா மாறுற நேரத்துல காயை இறக்கணும். வாசமெல்லாம் உள்ள இருக்கிற கறுப்பு விதையோட எண்ணெய். பூச்சி அண்டாம இருக்கச் செடி தனக்குன்னு சேத்து வைக்கிறது. நாம பாயசத்துல போடுறோம், பீடி நாத்தம் மறைக்க மெல்லுறோம். செடிக்கு இதெல்லாம் தெரியவா போகுது.

மூக்கு போனதும் காதை வச்சுச் சமாளிச்சேன். ஒரு கை அள்ளிக் குலுக்கினா, காஞ்ச காய் கலகலன்னு சொல்லிரும். சாயங்காலம் ஜீப்புல போடிக்கு இறங்கும்போது, "என்னண்ணே, ஆளே பாயசமா மணக்குறீக"ம்பாங்க. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் சட்டையைக் கழட்டிப் பொண்டாட்டிகிட்ட நீட்டுவேன்.

"இருக்கா?"

"இருக்கு, இருக்கு. போயி குளிங்க."

அதைக் கேட்டாத்தான் சோறு இறங்கும்.

போன மாசம் ஒருநாள் ரூமுக்குள்ள கண்ணு எரிஞ்சது. வேர்வைன்னு தொடச்சுக்கிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு, போடிக்கு ஏலத்துக்கு அனுப்புன காய்ல ஒரு மூட்டை திரும்பி வந்துச்சு. சூப்பர்வைசர் ஒரு கை அள்ளி நீட்டி, "மோந்து பாரு அப்பு"ன்னாரு. காய் பச்சையா, குண்டா அழகா இருந்துச்சு. பாராட்டத்தான் கூப்பிட்டாருன்னு நெனச்சு நல்லா இழுத்து மோந்தேன்.

"முதல்தரம்ணே. வாசம் அள்ளுது."

காய் பொறுக்கிக்கிட்டிருந்த பொம்பளைக கை நின்னுருச்சு. குழாய்ல விரிசல் விட்டு மூட்டை முழுக்கப் புகை நாத்தமாம். வாசல்ல நின்னவங்களுக்கே அடிச்சிருக்கு. "எத்தனை நாளா?"ன்னு மட்டும் கேட்டாரு. சொல்லிட்டேன். மறைச்சு மறைச்சு எனக்கும் அலுத்துப்போச்சு.

இப்ப எனக்குக் களை வெட்டுற சோலி. அவர் வையல, அதுதான் இன்னும் கஷ்டமா இருக்கு. காயைத் தொட்டுப் பத்து நாளாச்சு. நேத்தும் பழக்கதோசத்துல சட்டையைக் கழட்டி நீட்டினேன்.

"இருக்கா?"

அவ சட்டையை முகத்துல வச்சு ரொம்ப நேரம் மோந்தா. "இருக்கு"ன்னா. குளிங்கன்னு சொல்லல.