வலது முன் டயரின் வெட்டு

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நின்று, சக்கரத்துக்கு யாரிடம் போவது என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என் கடைப் பக்கம் கை நீட்டுவார்கள். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். மலையாள எழுத்து இன்றைக்கும் எனக்கு வாசல் கோலம் மாதிரிதான் தெரியும்.

எழுபதுகளின் நடுவில் தேனிப் பக்கமிருந்து வந்தபோது ஒரு கைப்பம்பு, இரண்டு லீவர், ஒரு சுத்தியல், இவைதான் கையில். சுக்கு குடோன் ஒன்றின் பக்கச் சுவரை ஒட்டி உட்கார்ந்துவிட்டேன். சைக்கிளுக்கும் கைவண்டிக்கும் எல்லாரும் காற்றடிப்பார்கள். நான் லாரி டயருக்கே கைப்பம்பால் அடிப்பேன். தோள் அப்படி.

ஆனால் கைவண்டி திரும்ப இடைஞ்சல் என்று, மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். குடோன் சேட்டு குஜராத்திக்காரர், ஆனால் மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு காலையில் என் முன்னால் வந்து நின்றார்.

“பம்புக்காரா, வேறே ஸ்தலம் நோக்கிக்கோ. இந்த வாரத்தோட சரி.”

வேறே இடம் எங்கே இருக்கிறது? பஜார் ரோட்டில் சுவர் நிழல் முழுக்க யாருக்கோ சொந்தம். அந்தச் சுவர் போனால் நான் ஊருக்குத் திரும்ப பஸ் ஏற வேண்டியதுதான். ஊரில் எனக்காக ஒருவரும் சோறு வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை.

அதே வாரத்தில் சேட்டின் லாரி பட்டறையிலிருந்து திரும்பி வந்தது. அதற்கு முன்பும் போய் வந்த வண்டிதான். முன்சக்கர பேரிங் மாற்றியாயிற்று, கிங்பின் மாற்றியாயிற்று, இன்னும் சரியாகவில்லை. டிரைவரை எல்லாரும் இக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வண்டியை என் பக்கம் நிறுத்தி, இறங்காமலே சொன்னார்:

“எடா பாண்டி, முன்னிலெ வலத்தே டயர் வெட்டுன்னுண்டு. காற்று ஒன்னு நோக்கு. ஷிப்புக்குச் சரக்கு ஏத்தணும்.”

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவனுக்கு அங்கே பாண்டி என்றுதான் பெயர். அதை விடுங்கள். டயர் வெட்டுகிறது என்றார். எனக்குத் தெரிந்த தமிழில் வெட்டு என்றால் வெட்டுதான். கத்தியோ, கண்ணாடியோ, கூரான கல்லோ டயரைக் கிழித்திருக்கிறது. நான் குனிந்து பார்த்தேன். வெளியே ஒரு கீறல் இல்லை. பழைய டயர்தான், ஆனால் மேலே புது ரப்பர் ஒட்டி, மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தது. வெளியே வெட்டு இல்லை என்றால் உள்ளே இருக்க வேண்டும். ஜாக்கியைப் போட்டேன்.

“ஏய், காற்று நோக்கான் அல்லே பறஞ்ஞது? எந்தினா பொக்குன்னே?” எதற்குத் தூக்குகிறாய் என்று அதட்டினார் இக்கா.

“நீங்கதானே இக்கா வெட்டுன்னீங்க? வெட்டைப் பார்க்காம காத்தடிச்சு என்ன செய்ய?”

இக்கா ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துச் சிரித்தார். சுமட்டுக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர்களும் சாக்கை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மலையாளத்தில் வண்டி வெட்டுகிறது என்றால், ஓடும்போது சக்கரம் ஆடி ஸ்டியரிங்கைப் பிடுங்குகிறது என்று அர்த்தமாம். கத்திக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம்.

சத்தம் கேட்டுச் சேட்டு வெளியே வந்தார். “மத்தியானத்துக்கு முன்னே லாரி வார்ஃபில், கப்பல் பக்கத்தில் நிக்கணும். நின்னா நீ இங்கே இருந்துக்கோ. இல்லேன்னா இப்பவே பம்பை எடுத்துட்டுப் போ.”

வேறு ஒருவனாக இருந்தால் ஜாக்கியை இறக்கியிருப்பான். நான் தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டேன். ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடி நின்றது. மறுபடி சுற்றினேன். அதே இடம்தான் கீழே வந்தது. எத்தனை தரம் சுற்றினாலும் அதே இடம். ஒரு பக்கம் கனம் இருக்கிறது. வெறும் டயருக்கு ஏது அப்படியொரு கனம்?

சக்கரத்தைக் கழற்றி, காற்றை முழுக்க இறக்கி, இரும்பு வளையத்தை லீவரால் நெம்பி எடுத்தேன். டியூபை உருவிவிட்டு டயருக்குள் கையை விட்டேன். கனத்த அந்த இடத்தில் விரல் தட்டியது. கேன்வாஸும் ரப்பருமாக ஒரு தடித்த ஒட்டு, செருப்பு நீளத்துக்கு. ஓரம் விட்டுப்போயிருந்தது. பிடித்து இழுத்தேன், கையோடு வந்தது. அதன் அடியில் நூல் அறுந்து வாய் பிளந்த வெட்டு. வெட்டுப்பட்ட டயருக்குள்ளே ஒட்டுப் போட்டு, மேலே புது ரப்பரால் மூடி, நல்ல டயர் என்று யாரோ தள்ளிவிட்டிருக்கிறார்கள். அந்த ஒட்டின் கனம்தான் சக்கரத்தை ஆட்டியிருக்கிறது. பளபளப்பைப் பார்த்து யாருக்கும் டயர் மேல் சந்தேகம் வரவில்லை.

டயரை நிமிர்த்திச் சேட்டுக்கும் இக்காவுக்கும் நடுவில் வைத்தேன்.

“இதுக்குப் பேரு என்ன இக்கா, உங்க ஊர்ல?”

இக்கா எட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றிருந்தது. “வெட்டு,” என்றார் மெதுவாக.

ஸ்டெப்னி தேய்ந்ததுதான், ஆனால் உடம்பு சுத்தம். காற்று குறைந்திருந்தது. கைப்பம்பால் அடித்தேன். சுமட்டுக்காரர்கள் சுற்றி நின்று கேலியாக எண்ண ஆரம்பித்தார்கள். எண்ணி அலுத்து, கடைசியில் அவர்களில் ஒருவர் எனக்குச் சாயா வாங்கி வந்தார். சக்கரத்தை மாட்டிச் சுற்றிவிட்டேன். இப்போது ஒவ்வொரு தரமும் வேறே இடத்தில் நின்றது.

சாக்குகளை ஏற்றி முடித்ததும், “கேறு,” என்றார் இக்கா. சரக்கு லாரியில் அவர் பக்கத்து சீட்டில் நான். தோப்பும்படி தாண்டிப் பாலத்தில் வண்டி வேகம் பிடித்தது. வழக்கமாக அந்த இடத்தில்தான் ஸ்டியரிங் துள்ளுமாம். இக்கா இரண்டு கையையும் எடுத்துவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார். காயல் காற்றில் தீக்குச்சி அணைந்தது. இன்னொன்று கிழித்தார். அதுவும் அணைந்தது. வண்டி நூல் பிடித்தாற்போல் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது குச்சியில் பற்றியதும், முதல் பீடியை என்னிடம் நீட்டினார்.

“வலிக்கு, அண்ணாச்சி.” அங்கே வலிக்கு என்றால் புகையை இழு என்று அர்த்தம்.

காலையில் பாண்டி, மத்தியானத்துக்கு முன்னே அண்ணாச்சி. லாரி நேரத்துக்கு வார்ஃபில் நின்றது. சுவர் என்னோடு நின்றது. கைவண்டிகள் அன்றைக்கே வளைந்து திரும்பக் கற்றுக்கொண்டன.

நான் தப்பாகக் கேட்டுத் தற்செயலாகக் கண்டுபிடித்தேன் என்று இன்றும் சொல்கிற ஆட்கள் உண்டு. நான் சொல்கிறேன், பட்டறைக்காரர்கள்தான் தப்பாகக் கேட்டார்கள். டயர் சொன்னது தமிழில்.

எண்பதுகளில் அதே சுவரில் சேட்டு எனக்கொரு கதவு திறந்துவிட்டார். குடோனின் முன்னறை கடையாயிற்று. பலகை எழுத வந்தவன், மலையாளத்திலா தமிழிலா, என்ன எழுதணும் என்று கேட்டான். இரண்டிலும் எழுது, ஒரே சொல் போதும் என்றேன். வெட்டு. மலையாளத்தைப் படித்துவிட்டு ஆடுகிற வண்டி வந்தது, தமிழைப் படித்துவிட்டுக் கிழிந்த டயர் வந்தது. இரண்டையும் நான்தான் பார்த்தேன்.