நடுவில் கிடந்த துப்பாக்கி

மாரமங்கலத்தில் பஸ் ஏறும்போது, அம்மாசியின் தோளில் கிடந்த நீளமான சாக்குச் சுருளைப் பார்த்து, "ஏனுங்க, கடப்பாரைங்களா?" என்று கண்டக்டர் கேட்டார். அம்மாசி வாய் திறப்பதற்குள் பின்னால் ஏறிய கண்ணாயி பதில் சொல்லிவிட்டாள்.

"எம் மாட்டைக் கொன்னவனுங்க சாமி. சேலத்துல தள்ளிப்போட்டு வேற ஆளைக் கூட்டியாரப் போறோம். அவனுக்கும் ஒரு டிக்கெட்டுப் போடுங்க."

பஸ்ஸே சிரித்தது. கூடவே அம்மாசியும் சிரித்தார். அவர் மகள் இலக்கியாவுக்கு மட்டும் முகம் சுட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாக்குக்குள் இருந்தது வெடிமருந்தை இடித்துப் போடுகிற பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி. மாரமங்கலத்துக்கு மேலே இருக்கிற அவர்களுடைய சிற்றூரில் பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் வைத்திருந்தவர் அம்மாசி ஒருவர்தான். காட்டுப்பன்றிக் கூட்டம் ராகிக்குள் இறங்கினால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பன்றி எதையும் அவர் கொன்றதில்லை. முன்னால் வருகிற பன்றியின் மூக்குக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் சுடுவார். மண் தெறிக்கும், கூட்டம் திரும்பி ஓடும். "கொல்றது ஆருக்கும் வருமுங்க, கொல்லாம சுடோணும்" என்பதுதான் அவருடைய ஒரே பெருமை. அறுப்பு முடிந்ததும் வீடு வீடாக ஒரு பங்கு தானியம் 'துப்பாக்கிக்கு' என்று அவர் வாசலுக்கு வரும். அதில் மிஞ்சியதை விற்றுத்தான் இலக்கியாவைச் சேலத்தில் பி.எஸ்ஸி. இயற்பியல் படிக்க வைத்தார். அந்த ஊரின் முதல் பட்டம் அது. படிப்பு முடிந்து அவள் தேர்வு மேல் தேர்வாக எழுதிக்கொண்டிருந்தாள். வேலைதான் கிடைக்கவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் விடியலில், பனிமூட்டத்துக்குள் பன்றி நிற்பதாக நினைத்து, அதற்கு ஒரு முழம் தள்ளி அம்மாசி சுட்டார். பன்றியென்று அவர் நினைத்தது பாறை. வெறுந்தரையென்று நினைத்த இடத்தில் கண்ணாயியின் கறவை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து மேய்ந்துகொண்டிருந்தது. புருஷன் இல்லாத கண்ணாயிக்கு அந்த மாடுதான் வருமானம்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. முட்டிய காளையோ, வெட்டிய அரிவாளோ, கேடு செய்த பொருளைக் கொண்டுவந்து ஊர் நடுவில் வைப்பார்கள். "ஆராச்சும் எடுக்கறீங்களா?" என்று ஊர்க்கவுண்டர் கருப்பண்ணன் கேட்பார். எடுத்தவர் மேல் குற்றம். எவரும் எடுக்காவிட்டால் அந்தப் பொருள் மேல் குற்றம், அது ஊரைவிட்டுப் போயாக வேண்டும். அன்று துப்பாக்கி நடுவில் கிடந்தது. கருப்பண்ணன் கேட்டார். அம்மாசியின் கை முழங்காலிலிருந்து மெல்லக் கிளம்பியதை இலக்கியா பார்த்தாள்.

பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

குழல் தேய்ந்தால் குண்டு சுழன்று விலகும், பழைய இரும்பு சூட்டில் கோணும் என்று என்னென்னவோ சொன்னாள். பாதி பாடப் புத்தகம், பாதி செல்போனில் பார்த்த வீடியோ. ஊர் வாயைப் பிளந்து கேட்டது. அவள் படிப்பு அந்த ஊருக்குப் பயன்பட்டது அன்றுதான். அம்மாசியின் கை மறுபடி முழங்காலுக்கே போய்விட்டது.

கொஞ்ச நாளாக வாசலில் அம்மா வந்து நின்றால்கூட அப்பா "ஆரது?" என்று கேட்பது அவளுக்குத் தெரியும். எதிர் மேட்டில் போகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை அவர் நிறுத்திவிட்டதும் தெரியும். கண் போனால் காவல் போகும், காவல் போனால் வாசலுக்கு வருகிற பங்கு போகும். இதையெல்லாம் யோசித்துத்தான் எழுந்தோமா, இல்லை அப்பா தலைகுனிவதைப் பார்க்கப் பயந்தோமா என்று பல தடவை தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் வந்தது.

புதுத் துப்பாக்கிக்கு ஊரே பணம் போட்டது. முதலில் கொண்டுவந்து கொடுத்தவள் கண்ணாயி. "நல்லதாப் பாத்து வாங்கு கண்ணு. இன்னொருத்தி மாடாச்சும் பொழைக்கட்டும்" என்றவள், நானும் கூட வருகிறேன் என்று கிளம்பியும் வந்துவிட்டாள்.

சேலத்துக் கடைக்காரர் சேகர் கண்ணாடி மேஜைமேல் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று ஒற்றைக் குண்டு சுடுகிற பாயின்ட் முந்நூற்றுப் பதினைந்து ரைஃபிள், யாரோ திருப்பிக் கொடுத்த பழையது. இன்னொன்று பொடிக் குண்டான ரவையைச் சிதறுகிற பன்னிரண்டு போர் ஒற்றைக்குழல், புதுசு. லைசென்ஸில் இரண்டுக்கும் இடமிருந்தது. கையிலிருந்த பணத்துக்கு இரண்டில் எதுவானாலும் இழுத்துப் பிடித்தால் கட்டும்.

"ரைஃபிள் குறி சுத்தமா இருக்குமுங்க. ஆனா தப்பிச்சுதுன்னா குண்டு எதிர்ச் சரிவுக்குப் போயிரும். அங்க ஊடு கீடு இருக்குதுங்களா?"

"எஸ்டேட் லைன் வீடு இருக்குதுங்க" என்றாள் இலக்கியா. அவள் முன்னமே முடிவு செய்துவைத்திருந்தாள். "எங்களுக்குப் பன்னெண்டு போருங்க. தோட்டாவும் விலை கம்மி. ரவை பரந்து விழும். குறி கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல."

கண்ணாயி குழலுக்குள் எட்டிப் பார்த்தாள். "பரந்து விழுந்தா பக்கத்துல நிக்கறதும் சேந்து விழுமே சாமி?"

"விழுமுங்க. சுடறவருதான் பாத்துச் சுடோணும்" என்றார் சேகர்.

 வாரக்கணக்கில் செல்போனில் தேடித் தேடி இலக்கியா தேர்ந்தெடுத்தது நல்ல துப்பாக்கியை அல்ல, அப்பாவின் கண்ணுக்கு ஒத்துப்போகிற துப்பாக்கியை. ஒரு குண்டு போய் ஒரு மாட்டில் பட்டதற்குப் பதிலாக ஒரு பிடி ரவையை வாங்கிக் கொடுக்க வந்திருக்கிறாள். அடுத்த தடவை அந்தப் பாறைக்குப் பக்கத்தில் நிற்பது மாடாகத்தான் இருக்க வேண்டுமா?

இதற்குள் சேகர் பழையதைச் சாக்கிலிருந்து உருவி, குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தார். நிமிர்ந்து, மறுபடி ஒரு தடவை பார்த்தார்.

"இதை எதுக்குங்க மாத்தறீங்க?"

"கோணலுங்க" என்றாள் கண்ணாயி.

"கோணலா? நூல் புடிச்சாப்புல இருக்குதுங்க. இந்த வெலைக்கு வர்ற புதுசைவிட இது நொம்ப நல்ல இரும்பு. ஆரு கோணல்னு சொன்னது?"

"எங்க புள்ளைதானுங்க, பி.எஸ்ஸி. படிச்சது" என்று கண்ணாயி பெருமையாக இலக்கியாவின் தோளைத் தொட்டாள்.

தொட்ட கை அங்கேயே நின்றது. பிறகு கனமில்லாமல் விலகியது. கண்ணாயி அம்மாசியைப் பார்த்தாள். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது மேஜை இருக்கிற பக்கத்தை. பழைய துப்பாக்கியை சேகர் மேஜை நடுவில் கிடத்தினார்.

இலக்கியா கை நீட்டி அதை எடுத்தாள். அது இவ்வளவு கனமென்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"ஏம்மா, லைசென்ஸ்காரர் தவிர ஆரும் தொடக்கூடாது, வையுங்க" என்று சேகர் பதறினார்.

கண்ணாயிக்கு விளங்கிவிட்டது. அம்மாசிக்கும்தான். அவர் தடவிக்கொண்டே வந்து குழலைப் பற்றினார்.

"குடு கண்ணு. இது நா அன்னைக்கே எடுக்க வேண்டியது." பிறகு கண்ணாயி நின்ற திசைக்குத் திரும்பினார். "கண்ணு தெரியலை அம்மணி. தெரியலைங்கறதைச் சொல்லத் தெம்பு இல்லாம போச்சு."

"அப்பா எடுக்கத்தான் போனாருங்க அத்தை. நாந்தான் எந்திரிச்சுப் பேசி..." இலக்கியாவால் முடிக்க முடியவில்லை.

கண்ணாயி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது இலக்கியாவுக்கு.

"அன்னைக்கே எடுத்திருந்தா எம் மாட்டுக்கு அழுதுட்டு உட்டுருப்பனே கண்ணு. இப்பப் பாரு, துப்பாக்கிக்குக் காசும் குடுத்துப்போட்டு, அதுமேலயே பழியும் போட்டு, பஸ்ஸுல அத்தனை பேருத்துக்கு முன்னால இளிச்சுட்டு வந்திருக்கறேன்."

புதியது எதையும் வாங்காமல் வெளியே வந்தார்கள். ஊருக்குப் போய்ப் பணத்தை அவரவர் கையில் திருப்ப வேண்டும். கருப்பண்ணனிடம் சொல்லித் துப்பாக்கியை மறுபடி நடுவில் வைக்கச் சொல்ல வேண்டும். அதன் பிறகு அறுப்பு வந்தாலும் வாசலுக்கு எதுவும் வராது.  கண்ணாயி நாலடி தள்ளியே நடந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. எப்போதும் யாராவது ஏறுவதைப் பார்த்து, பின்னாலேயே ஏறிவிடுவது அம்மாசியின் வழக்கம். அன்று நின்றார்.

"கண்ணாயி, இது குப்பனூர் வழியா மாரமங்கலம் போறதா? எனக்குப் போர்டு தெரியலை."

 அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, போர்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ஆமாங்கண்ணா. படி ஒசரம், பாத்து ஏறுங்க."

அவர் ஏறினார், அவள் ஏறினாள். இலக்கியாவை ஏறச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. கண்டக்டர் விசில் ஊதிய பிறகுதான் அவள் ஓடி ஏறி, கடைசி சீட்டில் உட்கார்ந்தாள்.