சின்னம்மா கையில் கொடுத்த குச்சி

அப்போதுதான் வெட்டிய கொய்யாக் கிளையின் பச்சை வாசனை மூக்கில் பட்டால் இன்றும் என் முதுகு தானாக விறைத்துக்கொள்கிறது. அப்பா என்னையும் தம்பியையும் அடிக்கக் கொய்யாக் குச்சியைத்தான் எடுப்பார். அது வளையும், ஒடியாது. சேன் பியேர் பட்டணத்துக்கு அப்பால், கரும்புக்கு நடுவே இருந்த எங்கள் ஊரில் பிள்ளையை அடிக்காத தகப்பன் கிடையாது. அம்மா இறந்த மறு வருடம் அப்பா இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். இதுவரை அடித்தது ஒரு கை, இனி இரண்டு கை என்று பக்கத்து வீட்டு அத்தை எனக்காகப் பரிதாபப்பட்டாள். ஒன்பது வயதில் அதை அப்படியே நம்பினேன். புதிதாக வந்த சின்னம்மாவின் முகத்தைவிட அவள் கைகளைத்தான் அதிகம் பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் வெள்ளாட்டைக் கட்ட மறந்து ஓடைக்கு விளையாடப் போய்விட்டேன். கரும்பு வரப்போரம் அப்பா பொம்தாமூர் போட்டிருந்தார். எங்கள் ஊரில் தக்காளிக்கு அதுதான் பெயர். திரும்பி வந்தபோது ஒரு நாற்றுகூட மிச்சமில்லை. மாட்டுக்கொட்டகையில் கரும்புத் தோகைக் குவியலுக்குள் ஒளிந்துகொண்டேன். அப்பா காலைப் பிடித்து வெளியே இழுத்தார். குச்சி தயாராக இருந்தது. ஆனால் அன்று அதைச் சின்னம்மாவிடம் நீட்டினார்.

“இப்ப நீதான் இவளுக்குத் தாய். நீயே அடி. இல்லாட்டி உன்னை மதிக்கமாட்டா.”

அவள் குச்சியை வாங்கிக்கொண்டாள். நான் கண்களை இறுக்கி மூடிக்கொண்டேன். அடி விழவில்லை; அவள் குரல்தான் கேட்டது.

“எங்கப்பாவைக் கரும்புக்காட்டுல வேலை வாங்குற சர்தார் தடியால அடிப்பான். அந்த அடியை அவரு வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து எங்க மேல இறக்குவாரு. நாங்க அவரை மதிக்கல, பயந்தோம். அவரு செத்தன்னைக்கு எனக்கு அழுகையே வரல. அந்தக் கையை நான் இந்த வீட்டுக்குக் கொண்டுவரமாட்டேன்.”

வேலிக்கு அந்தப் பக்கம் அத்தை நின்றிருந்தாள். அப்பாவின் முகம் கறுத்தது. அவர் கை சின்னம்மாவை நோக்கி ஓங்கியது. அவள் நகரவில்லை. ஓங்கிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு இறங்கியது. பிள்ளையைக் கெடுத்துவிடுவாய் என்று முணுமுணுத்துக்கொண்டே வயலுக்குப் போய்விட்டார். நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்து மூச்சுவிட்டேன்.

தண்டனை இல்லாமல் போகவில்லை. மறுநாள் விடியலில் சின்னம்மா என்னை எழுப்பி விதை போட வைத்தாள். நாற்று தலைகாட்டும்வரை ஓடைத் தண்ணீரை நான்தான் சுமந்தேன். தோள் வலித்தது. ஆனால் அடி வாங்கிய எந்த நாளிலும், என்ன தவறு செய்தேன் என்று எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை.

அப்பா ஒரே நாளில் மாறவில்லை. அந்த வருடக் கரும்பு வெட்டின்போது தம்பியை ஒருமுறை அடித்தார். மூன்று நாள் சின்னம்மா அவரோடு பேசவில்லை. அதன் பிறகு அடிக்கவில்லை. தான் செய்தது தப்பு என்று கடைசிவரை அவர் சொன்னதும் இல்லை.

இப்போது எனக்கும் பிள்ளைகள் உண்டு. என் கையும் எழுந்ததுண்டு. அப்போதெல்லாம் பயந்துபோய் அதைச் சேலைக்குள் ஒளித்துக்கொள்வேன். சென்ற வாரம் என் மகள் ஒரு செம்புப் பாலைக் கொட்டிவிட்டாள். துணி துவைத்துக்கொண்டிருந்த என்னைத் தேடி முற்றம் முழுக்க ஓடிவந்து, “அம்மா, நான்தான் கொட்டிட்டேன்” என்றாள். சொல்லிவிட்டு, பால் சொட்டும் கையை என் முந்தானையிலேயே துடைத்துக்கொண்டாள்.