காற்றுக்கும் சேர்த்துக் கூலி

வாசகரே, தீர்ப்புச் சொல்ல உங்களை அழைக்கவில்லை. சாட்சியாக வந்து நில்லுங்கள், போதும். ஈரச் சாக்கும் புது ரப்பரும் எலிப் புழுக்கையும் கலந்து வீசும் அந்த நெடியை முதலில் முகருங்கள். திண்டுக்கல்லில் ஒரு லாரி பார்சல் குடோன் அது. சணல் சுற்றிய புதுச் சைக்கிள் ஒன்று சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. அதன் கைப்பிடியில் தொங்கும் அட்டையில் என் பெயர் எழுதியிருக்கிறது. பன்னிரண்டு வயதில், என் பெயர் தாங்கிய அந்தப் பொருளை நான் தொட்டபோது, "ஏலே, கைய எடு. பணங் கட்டாம தொடக் கூடாது" என்றார் ஒரு சுமைக்காரர். நான் கையை எடுத்தேன். அதை நீங்கள் பார்த்தீர்கள்.

அந்தச் சைக்கிளை நான் வென்றிருந்தேன். சென்னையில் ஓர் அறக்கட்டளை நடத்திய பேச்சுப் போட்டியில், 'உழைப்பே உயர்வு' என்ற தலைப்பில் ஏழு நிமிடம் முழங்கி, முதற்பரிசு பெற்றிருந்தேன். ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் குத்தகை நிலத்தில் மல்லிகை வைத்திருந்த என் அப்பா, கசங்கிய வெள்ளைச் சட்டையில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். "பஸ்ல ஏத்த முடியாதே தம்பி, இதுக்குப் பதிலாப் பணமா வாங்கிக்கிறீங்களா?" என்று அமைப்பாளர் மேடையிலேயே கேட்டார். அப்பா அங்கிருந்தே சரியென்று அவசரமாகத் தலையாட்டியதை நான் கண்டேன். கண்டும் மைக்கைப் பிடித்தேன். "ஐயா, பரிசை விலை பேச நான் சந்தைக்கு வரவில்லை, மேடைக்கு வந்திருக்கிறேன்" என்றேன். அரங்கம் அதிர்ந்தது. அந்தக் கைதட்டலின் சூட்டிலேயே, "வீட்டுக்கே அனுப்பி வைக்கிறோம்" என்று அவர் அறிவித்தார். அனுப்பும் கூலி யாருடையது என்று அவர் சொல்லவில்லை. கேட்கும் அறிவு எனக்கில்லை. கேட்க நினைத்த அப்பாவின் வாயை நான்தான் அடைத்திருந்தேன்.

ஊர் திரும்பும் பேருந்து விழுப்புரத்தைத் தாண்டியிருந்தது. அப்பா சன்னலைப் பார்த்தபடி, "நல்லாத்தான் பேசுன அப்பு. சந்தைன்னா அம்புட்டுக் கேவலமா?" என்றார். நாள்தோறும் இருட்டு விலகுமுன் பூ மூட்டையைத் தம் சைக்கிளில் கட்டிக்கொண்டு திண்டுக்கல் பூச்சந்தைக்கு மிதிப்பவர் அவர்.

சைக்கிள் வந்தது, 'டு பே' என்ற முத்திரையோடு வந்தது. அனுப்பியவர் எதுவும் கட்டவில்லை, பெறுகிறவர் கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அதற்குப் பொருள். நான் எழுதிக் கொடுத்திருந்ததோ பள்ளிக்கூடத்துத் தொலைபேசி எண். அப்போது பள்ளிக்குக் காலாண்டு விடுமுறை. எங்களுக்குத் தகவல் எட்டுவதற்குள் லாரிக் கூலியோடு கட்டும் கூலியும் ஏற்றி இறக்கும் கூலியும் சேர்ந்து, அவற்றின்மேல் குடோன் வாடகையும் நாள் கணக்கில் ஏறியிருந்தது. தொகையைக் கேட்ட அப்பா, "பதினஞ்சு கிலோ வண்டிக்கு இம்புட்டா?" என்றார். குமாஸ்தா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "எடைக்கு இல்லண்ணே, எடத்துக்கு. மூட்டைன்னா மேல மேல அடுக்கலாம், சைக்கிள அடுக்க முடியுமா? சக்கரத்துக்கு நடுவுல இருக்க காத்துக்கும் சேத்துத்தான் காசு."

"அந்தக் காத்த நீங்களே வச்சுக்கங்க, வண்டிய மட்டும் குடுங்க" என்றார் அப்பா. சுமைக்காரர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வெளியே போனவர், எதிரே இருந்த சைக்கிள் கடையில் தம் வண்டியை நிறுத்தினார். அகலக் கேரியர் வைத்த, பெயிண்ட் உதிர்ந்த, கனத்த வண்டி அது. நான் அதன் கேரியரில் அமர்ந்துதான் குடோனுக்கு வந்திருந்தேன். கடைக்காரரும் அவரும் பேசியது எனக்குக் கேட்கவில்லை. கேரியரில் சுற்றியிருந்த பூ மூட்டைக் கயிற்றை அப்பா நிதானமாக அவிழ்த்தார். முழங்கையில் சுற்றிச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டார். வண்டி அங்கேயே நின்றுவிட்டது. அதை விற்றுத்தான் என் பரிசை மீட்கப் போகிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

காற்றுக்கும் கூலி கொடுத்து மீட்ட அந்தப் புதுச் சைக்கிளின் இரண்டு டயரிலும் காற்று இல்லை. கடைக்காரரே அடித்துக் கொடுத்தார். அப்பா சட்டைப்பையைத் தொட்டபோது, "காத்துக்கு நான் காசு வாங்குறதில்லண்ணே" என்றார். அன்று எங்களிடம் எதுவும் கேட்காமல் தந்தவர் அவர் ஒருவர்தான். அந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் மூள்கிறது. அவரை நினைக்கும்போது மட்டும் அது தணிகிறது.

வீட்டு வாசலில் அம்மா பரிசைப் பார்க்கவில்லை, பின்சக்கரத்தைப் பார்த்தாள். "இதுக்குக் கேரியரே இல்லையே. நாளைக்குப் பூவ எதுல கொண்டு போவீக?" என்றாள். மறுநாள் முதல் அப்பா முதல் பேருந்துக்குக் காத்திருந்தார். மூட்டைக்குத் தனி டிக்கெட் கேட்டார் நடத்துநர். அந்தப் பேருந்து சந்தையைச் சேரும்போது நல்ல விலை போய் முடிந்திருக்கும். மிஞ்சிய விலைக்குப் பூவைக் கொடுத்துவிட்டு அவர் திரும்புவார். நான் பளபளக்கும் வண்டியில் மணியடித்துக்கொண்டு பள்ளிக்குப் போவேன். உழைப்பே உயர்வு என்று பேசிய வாய் இது.

இன்று நான் சட்டம் படிக்கிறேன். அந்தக் குடோன் இருந்த இடத்தில் செல்போன் கடை மின்னுகிறது. எதிரே சைக்கிள் கடையும் இல்லை. மல்லிகைக் குத்தகையை அப்பா எப்போதோ விட்டுவிட்டார். பரிசுச் சைக்கிள் துருவேறி எடைக்குப் போனது. அதன் காற்றுக்கு அன்று யாரும் விலை தரவில்லை. அந்தக் கயிறு மட்டும் எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

சென்ற மாதம் சென்னையில் ஒரு பரிசளிப்பு விழாவில் என்னைச் சிறப்புப் பேச்சாளராக அமர்த்தினார்கள். எங்கள் பக்கத்துத் தொப்பம்பட்டியிலிருந்து வந்திருந்த ஒரு மாணவிக்கு முதற்பரிசு. மேடையில், நாடா கட்டிய சைக்கிள். கீழே அவள் தாய், கைதட்டாமல், அதன் நீளத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். "இதை ஊருக்கு எப்படிக் கொண்டு போவார்கள்?" என்று பக்கத்திலிருந்த செயலாளரிடம் கேட்டேன். "அதெல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க சார். நீங்க பேசுங்க, நேரமாச்சு" என்றார்.

எழுந்தேன். தயாரித்து வந்த உரையை மடித்துப் பையில் வைத்தேன். மைக்கின் முன் நின்று, அந்தத் தாயைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "அம்மா, இந்தச் சைக்கிள் உங்கள் வீட்டு வாசலில் இறங்கிவிட்டது என்று நீங்கள் சொல்லும்வரை இங்கே நான் பேசப் போவதில்லை. இனி எந்த மேடையிலும், பரிசை வீடு சேர்க்கும் வண்டிக் கூலியை முதலில் எடுத்து வைக்காதவர்களுக்காக நான் வாய் திறக்க மாட்டேன்."