யாருக்குச் சொல்லலாம்

மதினியின் தாள்களில் ஏழு கட்டங்கள் இருந்தன. பள்ளிக்கூடக் கொப்பிகளின் நடுவிலிருந்து பிரித்தெடுத்த தாள்கள். அடிமட்டம் வைத்து நீலப் பேனையால் கோடு போட்டிருந்தார். குடும்பத் தலைவர், வீட்டில் இருப்பவர்கள், வயது, பிறப்புச் சான்றிதழ் உண்டா, அடையாள அட்டை உண்டா, வீட்டு நிலைமை. ஏழாவது கட்டத்தின் தலைப்பு மட்டும் சிவப்பு மையில் இருந்தது: 'யாருக்குச் சொல்லலாம்?' அதன் கீழே, லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளின் மக்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தார். 'கிராம சேவகர் ஐயாவுக்கு மட்டும்.' 'கந்தோர்ல காட்டலாம், தொரைக்கு வேணாம்.' 'மாமியாருக்குத் தெரியக் கூடாது.' 'யாருக்கும் வேணாம், நீ மட்டும் வச்சுக்க.' தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹட்டனில் நான் வேலை செய்த கணினிக் கடையின் மேசையில் அவர் அந்தத் தாள்களை விரித்து வைத்தபோது, அந்த ஏழாவது கட்டத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மதினி என் அண்ணனின் மனைவி. மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தார். பத்தாம் வகுப்புவரை படித்திருந்ததால் லயத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அவர் கைக்குத்தான் முதலில் வரும். வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்த பிறகு அதைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார். அண்ணன் ஆவலோடு தூண்டித் துருவிக் கேட்டாலும் "அது அவங்க வீட்டுக் கடுதாசி" என்பதோடு சரி. அந்தப் பழக்கம்தான் பிறகு அவரை மாதர் குழுவுக்குத் தலைவி ஆக்கியது என்று நினைக்கிறேன். எதைச் சொன்னாலும் வெளியே போகாது என்று பெண்கள் நம்பினார்கள்.

குழு முதலில் கையில் எடுத்தது வீட்டுப் பட்டியலை. லயங்களுக்குப் பதிலாகக் கொஞ்சம் தனி வீடுகள் கட்டித் தரப்போவதாகவும், யார் யாருக்கு என்று பட்டியல் ஆகிவிட்டதாகவும் தோட்டத்தில் பேச்சு அடிபட்டது. பட்டியலைக் கண்ணால் கண்டவர் இல்லை. ஒருநாள் காலை பெரட்டுக்களத்தில், வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்தில், மதினி கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் போய் நின்றார். "தொர, அந்த லிஸ்ட்ட புள்ள மடுவத்துச் செவுத்துல ஒட்டுங்க. எல்லாரும் பாக்கட்டும்" என்றார். தோட்ட நிர்வாகியான துரை பதில் சொல்வதற்குள் கணக்கப்பிள்ளை முந்திக்கொண்டார். "ஒட்டுனா மட்டும் எத்தன பேருக்கு வாசிக்கத் தெரியும்?"

"தெரியாதவங்களுக்கு நான் வாசிச்சுக் காட்டுறேன் ஐயா."

நான்கு நாட்கள் பெண்கள் ஒவ்வொரு காலையும் களத்திலேயே அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மலைக்கு ஏறினார்கள். ஐந்தாம் நாள், பிள்ளைகளை விட்டுச் செல்லும் மடுவத்தின் சுவரில் பட்டியல் ஒட்டப்பட்டது. மதினி சுள்ளி ஒன்றால் ஒவ்வொரு பெயராகத் தொட்டு வாசித்தார். தோட்டத்தை விட்டுப் போய் வருஷங்களான இரண்டு பேரின் பெயர் அதில் இருந்தது. கூட்டம் சிரித்த சிரிப்பில் அந்த இரண்டு பெயர்களும் வெட்டுப்பட்டன. அன்று பஸ் நிறுத்தத்துக்கு என்னோடு நடந்து வந்தபோது அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "அவங்க எடுக்குற முடிவு ஊருக்கே தெரியணும் தம்பி. நம்ம வீட்டு விசயம் ஊருக்குத் தெரியக் கூடாது. இங்க ரெண்டும் தலகீழாக் கெடக்கு."

அதற்குப் பிறகுதான் ஏழு கட்டத் தாள்கள் வந்தன. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அடையாள அட்டை எடுக்க முடியாமல் கிடந்தவர்கள் எங்கள் தோட்டத்தில் ஏராளம். அட்டை இல்லாமல் கொழும்புக்குப் போன பிள்ளைகள் சோதனைச் சாவடிகளில் பட்ட பாட்டை அந்த யுத்த நாட்களை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரசாங்கத்தின் நடமாடும் சேவை வரும்போது கொடுப்பதற்காக மதினி வீடு வீடாக ஏறி விவரம் எடுத்தார். எழுதியதை அந்த வீட்டாருக்கே வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்த வாசலுக்குப் போனார். கணினியில் அடித்த பட்டியல் என்றால் அரசாங்கக் கந்தோர் அலுவலர்கள் மதிப்பார்கள் என்று யோசனை சொன்னவன் நான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அடித்தேன். அச்சடித்தபோது ஆறு கட்டங்கள்தான் தாளின் அகலத்துக்குள் அடங்கின. ஏழாவது அடுத்த தாளுக்குத் தாவி, பார்க்க அசிங்கமாக இருந்தது. அதை நீக்கிவிட்டேன். மதினி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, கடைசிக் கட்டத்தக் காணோமே?"

"பேப்பர்லதான் இல்ல மதினி. கொம்பியூட்டர்ல இருக்கு."

"அதுல வேற யாரும் பாக்க ஏலாதுல்ல?"

"பாஸ்வேர்ட் போட்டிருக்கேன். என்னத் தவிர யாராலயும் தொறக்க ஏலாது."

இரண்டும் பொய். அந்தக் கட்டம் கணினியிலும் இல்லை. பாஸ்வேர்ட் எப்படிப் போடுவது என்றே அப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் கணினி படித்தவன் நான் ஒருவன்தான். மதினி நிம்மதியாகச் சிரித்து, கொண்டுவந்திருந்த ரொட்டிப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, அச்சுத் தாள்களைக் கந்தோரில் ஒப்படைக்கக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்.

அந்த மாதத்திலேயே ஒருவர் கடைக்கு வரத் தொடங்கினார். கொழும்பில் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி கொடுக்கும் நிறுவனம் நடத்துவதாகச் சொன்னார். கடிதங்கள் அடித்துக்கொள்ள வருவார். என்னைச் 'சேர்' என்று கூப்பிடுவார். லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்த எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அதுவரை யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒருநாள் திரையில் இருந்த பட்டியலைப் பார்த்து அருகில் வந்து நின்றார். "சேர், இவ்வளவு ஒழுங்கா செய்ய கொழும்புலயே ஆள் இல்ல. எங்க ஒஃபிஸ்ல ஒரு எடம் இருக்கு, நான் பேசிப் பாக்குறேன்" என்றார். பிறகு, "இந்தப் பிள்ளைங்களுக்கு நாங்க தையல் கிளாஸ் வைக்கலாமே. இந்த லிஸ்ட்ல ஒரு கொப்பி தந்தீங்கன்னா ஒதவியா இருக்கும்" என்றார்.

ஏமாற்றப்பட்டேன் என்று பல வருஷங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பட்டியலைப் பிளொப்பி வட்டில் பதிந்து அவர் கையில் கொடுப்பதற்கு முன்னால் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன், முதலாளி வருகிறாரா என்று. தப்பில்லாத காரியம் செய்கிறவன் திரும்பிப் பார்ப்பானா?

மூன்று கிழமைக்குள் தோட்டத்துக்கு ஒரு வேன் வந்தது. வந்தவர்கள் யாரிடமும் வழி கேட்கவில்லை. நேராக ஐந்து வீடுகளுக்கு ஏறினார்கள். ஐந்திலும் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பெண் பிள்ளைகள். ஐந்திலும் அட்டை இல்லை. மேல் லயத்துக் கடைசிக் காம்பராவில் கணவனை இழந்த ஒரு அம்மா பதினாறு வயது மகளோடு இருந்தார். மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடியே வாசலுக்கு வந்தார்களாம். "அட்டை இல்லன்னு யோசிக்காதீங்கம்மா, நாங்களே எடுத்துத் தர்றோம். தையல் படிக்கட்டும்." இவ்வளவு தெரிந்தவர்கள் அரசாங்க ஆட்களாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த அம்மா நம்பிவிட்டார். மூன்று பிள்ளைகள் வேனில் ஏறினார்கள். தையல் வகுப்பு ஒன்றும் இருக்கவில்லை. இரண்டு பேர் கொழும்பில் வீட்டு வேலை செய்து தீபாவளிக்குத் திரும்பி வந்தார்கள். கடைசிக் காம்பரா மகளை, வயதைக் கூட்டி, வேறொரு பெயரில் கடவுச்சீட்டு எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தண்ணீர் எடுக்கும் பீலிக்கரையில் அந்த அம்மா மதினியின் குடத்தைப் பிடித்து இழுத்த காலையில் நானும் அங்கே மேட்டில் இருந்தேன். தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். "அட்டை இல்லைங்குறத ஒங்கிட்ட மட்டுந்தானடி சொன்னேன்? யாருக்கும் வேணாம், நீ மட்டும் வச்சுக்கன்னு எழுதச் சொன்னேனே. எழுதுனியே, வாசிச்சும் காட்டுனியே!"  மதினி குடத்தை அங்கேயே விட்டுவிட்டு மேலே ஏறி வந்து, முகத்தைக்கூடத் துடைக்காமல் என்னிடம் கேட்டார். "தம்பி, அந்தக் கடையில யாராச்சும் பாத்திருப்பாங்களா?"

"சான்ஸே இல்ல மதினி."

அவர் நம்பினார். என்னை விட்டுவிட்டுச் சந்தேகம் கந்தோர்ப் பக்கம் போயிற்று. பஸ் ஏறிப் போய், பட்டியலை வாங்கி வைத்திருந்த எழுதுவினைஞரிடம் சண்டை பிடித்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், சாதுவான மனிதர். அலுமாரியைத் திறந்து, கட்டுக் குலையாமல் இருந்த தாள்களை எடுத்துக் காட்டி, "பிள்ளை, நான் இதை இன்னும் அவிழ்க்கவே இல்லை. நீங்கள் கட்டித் தந்த முடிச்சு இது" என்றாராம். மதினி அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். செய்யாத குற்றத்துக்கு அந்த மனிதர் ஏச்சு வாங்கியதும், அதற்காக மதினி தலைகுனிந்ததும் எனக்குத் தெரிந்தே நடந்தன. வீட்டில் அண்ணன் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அதன் பிறகு லயத்தில் யாரும் மதினியிடம் கடிதம் கொண்டுவரவில்லை. நடமாடும் சேவை வந்த நாளில் எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்கள் மிகக் கொஞ்சம் பேர்தான். பெயர் கொடுக்கவே பயந்தார்கள். அட்டை கிடைத்திருக்க வேண்டிய பல பிள்ளைகள் அது இல்லாமலே இன்னும் சில வருஷங்கள் அலைந்தார்கள். குழு தானாகக் கலைந்தது. ஏழு கட்டத் தாள்களை மதினி அடுப்பில் போட்டதாக அண்ணன் சொன்னார். அந்தக் கொழும்புக்காரர் தந்த தொலைபேசி இலக்கத்தை நான் இரண்டு முறை சுழற்றிப் பார்த்தேன். அந்த மகளைப் பற்றி விசாரிக்கத்தான் எடுத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். முதல் முறை எடுத்தது வேலையைப் பற்றிக் கேட்க. இரண்டு முறையும் யாரும் எடுக்கவில்லை.

கடைசிக் காம்பரா மகள் ஏழு வருஷம் கழித்து வந்தாள். உடம்பில் குறை ஒன்றும் தெரியவில்லை. தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் நான் கொழும்புக்கு வந்து, என் சொந்த முயற்சியிலேயே ஒரு கணினி வேலையில் சேர்ந்திருந்தேன். மக்களின் விவரங்களை எப்படிப் பாதுகாப்பது என்று சிறு அமைப்புகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் என் வேலையில் ஒரு பகுதியாகியிருந்தது. வகுப்புகளில் மதினியின் ஏழாவது கட்டத்தைப் பற்றிச் சொல்வேன். கேட்பவர்கள் வியந்து குறித்துக்கொள்வார்கள். அந்தக் கட்டத்தை நீக்கியவனைப் பற்றிச் சொல்லும்போது 'ஒரு பையன்' என்பேன்.

அதற்கும் சில வருஷங்களுக்குப் பிறகு, அண்ணன் டிக்கோயா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒரு மத்தியானம், வார்டுக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்து மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை, ஏசவும் இல்லை. அண்ணனின் சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதன் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். "அந்தக் கந்தோர் ஐயா செத்துப் போயிட்டாரு தெரியுமா?" என்றார் கடைசியில். "எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? மேல் லயத்துக்குப் போய்ச் சொல்லுங்க." அவர் எழுந்து உள்ளே போனார். அதற்குப் பிறகு என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டதில்லை. பேச வேண்டியதை அண்ணன் மூலமாகப் பேசுகிறார்.

மறுநாளே மேல் லயத்துக்குப் போனேன். மகள் கல்யாணமாகித் தலவாக்கலையில் இருந்தாள். அவளுடைய மூன்று வயதுக் குழந்தை அம்மம்மாவோடு இருந்தது. வாசற்படியில் நின்றபடியே சொன்னேன். பிளொப்பி என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருந்தது.  நான் முடித்ததும் அந்த அம்மா, "அதுல எங்க பேரு இன்னும் இருக்கா?" என்றார்.

"தெரியலம்மா. எத்தன பேரு கைக்குப் போச்சோ."

"அழிக்க ஏலாதா?"

"ஏலாதும்மா."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அவ்வளவுதான் என்று நான் திரும்பியபோது ஒரு கொப்பியும் பென்சிலுமாக மறுபடி வந்தார். "ஒங்க பேரு, அப்பா பேரு, அட்டை நம்பரு, எங்க இருக்கீங்க, எங்க வேல, போன் நம்பரு, எல்லாத்தையும் இதுல எழுதுங்க. நாளைக்கு யாராச்சும் இந்தப் புள்ள பேரச் சொல்லிக்கிட்டு வந்தா நான் ஒங்களத்தான் கேக்கணும்."

எழுதினேன். ஒன்றையும் விடவில்லை. வாசிக்கச் சொன்னார், வாசித்துக் காட்டினேன். தாளைக் கிழித்து நான்காக மடித்து, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினார். போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அந்த வீட்டிலிருந்து இதுவரை எனக்கு அழைப்பு வந்ததில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ கைத்தொலைபேசிகள் மாற்றியாகிவிட்டது; இலக்கத்தை மட்டும் மாற்றவில்லை. தெரியாத இலக்கத்திலிருந்து மணி அடித்தால், கூட்டத்தில் இருந்தாலும் எழுந்துபோய் எடுத்துவிடுகிறேன்.